நாற்பத்தொன்றாம் சாட்சியின் கூடுதல் நேரம்

2043 ஆகஸ்ட் 17 அன்று, தஞ்சாவூர் சாட்சிக் காப்பகத்தில் நாற்பத்தொன்றாம் சாட்சியின் கடிகாரம், ஓடியிருக்க வேண்டியதைவிட இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஓடியிருந்தது.

அந்தச் சாட்சியின் பெயர் சிங்காரவேலு. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே இருந்த ஓர் இறால் பதனிடும் ஆலையில் குளிரூட்டும் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர். இரண்டு வருடங்களுக்கு முன் அங்கே அமோனியா கசிந்தது. இறால் உரித்துக்கொண்டிருந்த ஒன்பது பெண்கள் இறந்தார்கள். எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. சிங்காரவேலு சில நாள் மருத்துவமனையில் கிடந்துவிட்டு இறந்தார். இறப்பதற்கு முன், மாஜிஸ்திரேட் முன்னிலையில், அவருடைய மனம் அப்படியே நகலெடுக்கப்பட்டது. இந்த வருடம் ஜனவரியில் விசாரணை தொடங்கும் வரை அந்த நகல் நீதிமன்றத்தில் முத்திரையிட்டுக் கிடந்தது, பிறகுதான் காப்பகத்துக்கு வந்தது.

முன்பெல்லாம் மரண வாக்குமூலம் என்றால் கட்டிலருகே நின்று எழுதிக்கொள்வதுதான். எழுதிய காகிதத்தைக் குறுக்கு விசாரணை செய்ய முடியவில்லை என்பது எதிர்த்தரப்பு வக்கீல்களின் நெடுநாள் குறை. சட்டத்தைத் திருத்தி அந்தக் குறையைத் தீர்த்துவைத்தார்கள். இப்போது வாக்குமூலம் வாய் திறந்து பேசும். கேட்டதற்குப் பதில் சொல்லும். ஒரு சர்வருக்குள் தனித்தனி மெய்நிகர் இயந்திரங்களாக, ஆளுக்கு ஓர் அறை, ஒரு நாற்காலி, ஒரு சுவர்க்கடிகாரம். விசாரணை முடிந்ததும் இயந்திரத்தை அப்படியே நிறுத்திவிடுவார்கள். அடுத்த வாய்தா வரைக்கும் உள்ளே எதுவும் நடக்காது. அப்படித்தான் சட்டம் சொன்னது.

இரண்டு மணி நேரம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துச் சொல்ல ஹபீபாவுக்குத் தனி நீதிமன்றம் மூன்று வாரம் கொடுத்தது. ஹபீபா நாகூர்க்காரர். அரசுத் தடயவியல் கூடத்தில் கணினிப் பிரிவில் பதினைந்து வருடமாக இருப்பவர். அழித்த கோப்புகளை மீட்பது, பொய்யான நேரமுத்திரைகளைக் காட்டிக்கொடுப்பது இவைதான் அவர் வேலை. கடிகாரம் பொய் சொல்வதைவிட அதைத் திருத்துகிறவர்கள் பொய் சொல்வதைத்தான் அவர் அதிகம் பார்த்திருந்தார்.

முதல் நாளே அரசு வக்கீல் கலியமூர்த்தி அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் காபி வாங்கிக் கொடுத்தார். அதுவே ஹபீபாவுக்குச் சந்தேகமாக இருந்தது. கலியமூர்த்தி யாருக்கும் காபி வாங்கிக் கொடுத்து அவர் கேள்விப்பட்டதில்லை.

"எங்க வீட்டு மைக்ரோவேவ் கூட கரண்டு போய் வந்தா தானா நேரத்த சரி பண்ணிக்குதும்மா. அரசாங்கத்துக் கம்ப்யூட்டருக்கு அது கூடவா தெரியாது?"

"சரி பண்ணக் கூடாதுன்னு சொன்னதே கோர்ட்டுதான் சார்."

அது உண்மை. நிறுத்தி வைத்த எந்த மெய்நிகர் இயந்திரமும் விழித்தெழுந்தால் அதன் கடிகாரம் பின்தங்கித்தான் இருக்கும். வெளியே கேட்டுத் திருத்திக்கொள்வது வழக்கம். ஆனால் இந்த வழக்குகள் தொடங்கிய காலத்தில் ஒரு நீதிபதி, சாட்சியின் கடிகாரமும் சாட்சியின் பகுதியே, ரத்தக்கறை படிந்த கத்தியை யாரும் துடைப்பதில்லை, அதுபோல அதையும் யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார். அதனால் திருத்தும் வசதியை அடைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து சாட்சியின் கடிகாரம் அவர் விழித்திருந்த நேரத்தை மட்டுமே காட்டியது. ஒவ்வொரு விசாரணையிலும் சத்தியப்பிரமாணத்துக்கு முன் நீதிபதி சாட்சியைச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை வாசிக்கச் சொல்வார். சாட்சி வாசிப்பார். தட்டச்சர் அடித்துக்கொள்வார். பிறகு யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. தேங்காய் உடைப்பது போல ஆகிவிட்டிருந்தது அது.

ஆலை நிர்வாகத்தின் வக்கீல் ரங்கபாஷ்யம் ஒருவர்தான் திரும்பிப் பார்த்தார். அதற்கு அவருக்குக் காரணம் இருந்தது. ஜனவரியில், ஒரே வாரத்துக்குள் நடந்த முதல் இரண்டு விசாரணைகளிலும், எச்சரிக்கை மணியை நிறுத்தியது யார் என்று தனக்குத் தெரியாது என்று சிங்காரவேலு சொல்லியிருந்தார். வாய்தா மேல் வாய்தா போய், ஆகஸ்ட் 17 அன்று மூன்றாம் விசாரணை வந்தது. அதில், மணியை நிறுத்தியது தான்தான் என்றும், அடிக்கடி அடித்து வேலை கெடுகிறது என்று மேலாளர் நிறுத்தச் சொன்னார் என்றும் சொன்னார். வழக்கில் மேலாளரைத் தொடும் ஒரே வார்த்தை அதுதான். ரங்கபாஷ்யம் எழுந்து அந்தப் பதிலைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சாட்சி காலையில் வாசித்த நேரத்தை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னார். ஜனவரியில் வாசித்த நேரத்தோடு அதைக் கூட்டிக் கழித்தார். நடுவில் யாரோ சாட்சியை எழுப்பிப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், யுவர் ஆனர், என்றார்.

அது நிரூபணமானால் மூன்றாம் வாக்குமூலம் போய்விடும். அதோடு வழக்கும் போய்விடும்.

"கடிகாரம் கோளாறா ஓட வாய்ப்பே இல்லையா?" என்று கலியமூர்த்தி கேட்டார்.

வாய்ப்பு உண்டு என்றார் ஹபீபா. ஒரு சர்வரைப் பல இயந்திரங்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன. தன் முறை வரத் தாமதமானால் இயந்திரம் கடிகாரத் துடிப்புகளைத் தவறவிடும், நேரம் பின்தங்கும். தவறியதைச் சர்வரும் ஈடுகட்டி, இயந்திரமும் தானாக ஈடுகட்டிக்கொண்டால் இரட்டைக் கணக்காகிக் கடிகாரம் முந்திவிடும். ஆனால் அப்படி முந்துவது சில விநாடிகள், மிஞ்சிப்போனால் ஓரிரு நிமிடம்.

"மணிக்கணக்கா வராது சார்."

"வராதா, இதுவரைக்கும் வந்ததில்லையா?"

ஹபீபா காபி டம்ளரைக் கீழே வைத்தார். கலியமூர்த்தி சிரித்துக்கொண்டே, யோசிச்சு எழுதுங்க, அவசரமில்லை என்றார். வெளியே வந்தபோது ஹபீபாவின் மனத்தில் இருந்த பட்டியலில் முதல் பெயர் கலியமூர்த்தியுடையதாக இருந்தது. பாடம் சொல்லிக் கொடுத்திருந்தால் அதனால் லாபம் அடைகிறவர் அவர்தான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காப்பகத்துக்குப் போனார். புறவழிச்சாலைக்குப் பின்னால், வயல்களுக்கு நடுவே, ஜன்னலே இல்லாத நீளமான கட்டடம். வாசலில் பார்வையாளர் கூடம் என்று ஒன்று இருந்தது. பார்க்க எதுவும் இல்லாததால் அங்கே யாரும் வருவதில்லை. அன்று ஒரு பெண் மட்டும் கடைசி நாற்காலியில் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

காப்பகத்தின் பொறுப்பாளர் அற்புதசாமி ஐம்பதைத் தாண்டியவர். ஒரு பெரிய மருத்துவமனையில் ஜெனரேட்டர், லிஃப்ட், ஆக்சிஜன் குழாய் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இங்கே மாற்றலாகி வந்தவர். இந்தக் கட்டடத்துக்குள் தன்னைத் தவிர ஒரு ஈ கூட நுழைய முடியாது என்று மூன்று முறை சொன்னார். நீதிமன்றம் கேட்டாலொழிய ஒரு சாட்சியையும் எழுப்பியதில்லை என்று இரண்டு முறை சொன்னார். ஹபீபா கேட்காத கேள்விகளுக்கும் பதில் சொன்னார். அவர் பெயர் பட்டியலில் இரண்டாவதாகச் சேர்ந்தது.

வெளியே உட்கார்ந்திருக்கும் பெண் யார் என்று ஹபீபா கேட்டார்.

"அந்த நாப்பத்தொண்ணோட சம்சாரம் மேடம். தையல்நாயகின்னு பேரு. ஆறு மாசமா செவ்வாக்கெழமை தவறாம வருது. உள்ள விட மாட்டோம்னு தெரியும். உக்காந்திருந்துட்டுப் போகும்."

சர்வரைச் சோதிப்பதாகச் சொல்லி ஹபீபா உள்ளே போய், சாட்சிகள் இருந்த அதே அடுக்கில் தன்னுடைய காலி இயந்திரம் ஒன்றை ஏற்றினார். அதில் மனம் எதுவும் இல்லை, கடிகாரம் மட்டும்தான். அதையும் மற்றவற்றைப் போலவே திருத்தும் வசதியை அடைத்து நிறுத்திவைத்தார். யாரிடமும் சொல்லவில்லை. மதியத்துக்கு முன் கிளம்பிவிட்டார்.

வியாழக்கிழமை வந்து அதன் கோப்பைத் திறந்தார். நிறுத்திய இடத்திலேயே இருந்திருக்க வேண்டிய கடிகாரம் ஐந்து நிமிடம் ஓடியிருந்தது. கோப்பு கடைசியாக மாறியது செவ்வாய்க்கிழமை பிற்பகல்.

ஹபீபா நேரமுத்திரையை மறுபடி ஒப்பிட்டுப் பார்த்தார். இரட்டைக் கணக்கெல்லாம் இல்லை. யாரோ உண்மையாகவே எழுப்பியிருக்கிறார்கள். அதுவும் செவ்வாய்க்கிழமை. டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருந்த பெண்ணை நினைத்தார். இத்தனை கதவுகளுக்கும் ஒரே ஆள் காவல் என்றால், அந்த ஒரு ஆளைச் சரிக்கட்டினால் போதும். ஆனால் ஒன்று இடித்தது. புருஷனோடு பேச வந்தவள் எதற்காக ஒரு காலி இயந்திரத்தை எழுப்ப வேண்டும்?

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஹபீபா பார்வையாளர் கூடத்திலேயே தையல்நாயகியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தான் யார் என்பதை மறைக்கவில்லை. செவ்வாய்க்கிழமையில் என்ன விசேஷம் என்று நேராகவே கேட்டார். வார லீவு அன்றைக்குத்தான் என்றார் தையல்நாயகி. எங்கே வேலை என்று கேட்டதற்குக் கொஞ்சம் தயங்கி, அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவு என்றார்.

"அவரு ஆஸ்பத்திரியில கெடந்தப்போ வந்து சொன்னாங்க. நிரந்தர வேலை போட்டுத் தர்றோம்னு. அவரு காதுல படுறாப்புலதான் சொன்னாங்க."

"அதனாலதான் மொதல்ல தெரியாதுன்னு சொன்னாரா?"

"நான் என்னாத்த கண்டேன். அவருக்குள்ள என்ன இருந்துச்சுன்னு உங்க மெஷினுக்குத்தான் தெரியும்."

"இப்ப மாத்திச் சொன்னது உங்களுக்கு எப்படி இருக்கு?"

தையல்நாயகி டிபன் பாக்ஸின் மூடியை அழுத்தினார். "செத்த ஒம்பது பேருல அஞ்சு பேரு எங்க தெருவு. அவரு தெரியாதுன்னு சொன்னப்போ தெருவுல எவளும் எங்கிட்ட பேசல. தெரியும்னு சொன்னதுலேருந்து கம்பெனியில எவனும் பேசல. இங்க வந்தா யாரும் பேச மாட்டாங்கன்னு மொதல்லயே தெரியும். அதான் வந்து உக்காந்துக்கிட்டிருக்கேன்."

"உள்ள போய் அவர்கிட்ட பேசினீங்களா?"

"விட்டிருந்தாங்கன்னா, நீங்க கேக்குறதுக்கு முன்னாடி நானே கோர்ட்டுல சொல்லியிருப்பேன். என்ன பயம் எனக்கு?"

ஹபீபா நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. மதியம் தையல்நாயகி கூடத்திலேயே சாப்பாட்டைப் பிரித்துவைத்துக்கொண்டபோது இவர் உள்ளே போய், சர்வர் அறையின் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டார். அற்புதசாமி கைகழுவிவிட்டு வந்தார். திரைக்கு முன் உட்கார்ந்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் எல்லாச் சாட்சிகளையும் தேர்ந்தெடுத்து, ஒரே அழுத்தில் எழுப்பினார். விளக்குகள் வரிசையாகப் பச்சையாயின. மின்விசிறிகளின் சத்தம் கூடியது. அவர் கைகளைக் கட்டிக்கொண்டு காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஹபீபா உள்ளே போனார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்.

"ஓட்டிப் பாக்குறேன் மேடம்," என்றார் அற்புதசாமி. அவர் முகத்தில் பயமோ வெட்கமோ இல்லை. "ஆஸ்பத்திரியில செவ்வாக்கெழமைன்னா ஜெனரேட்டர அஞ்சு நிமிஷம் ஓட்டிடணும். இல்லேன்னா வேணுங்குறப்போ கிளம்பாது. ஒரு தடவ கிளம்பாம ஒரு பச்சக்கொழந்த போயிடுச்சு. அதுலேருந்து எதையும் சும்மா நிறுத்தி வைக்க மாட்டேன். இதுங்களும் மாசக்கணக்கா கெடக்குதே. கோர்ட்டு கேக்குற அன்னிக்கு முழிக்கலன்னா யாரு பதில் சொல்றது?"

"யாரையும் எழுப்பலன்னு சொன்னீங்களே."

"எழுப்புறதுன்னா மைக்க தெறக்கணும், கேமராவ தெறக்கணும். இது அது இல்ல மேடம். எல்லாம் மூடித்தான் இருக்கு. உள்ள ஒண்ணும் கேக்காது."

"உள்ள இருக்குறவங்க?"

அற்புதசாமிக்குக் கேள்வி புரியவில்லை.

ஹபீபா பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து அவருக்கு விளக்கினார். விளக்கும்போதுதான் தனக்கே முழுதாகப் புரிந்தது. நிறுத்திவைத்த காலம் சாட்சிக்குத் தெரியாது. ஒரு செவ்வாய்க்கிழமையின் ஐந்தாவது நிமிடம் முடிந்த அந்தக் கணமே அடுத்த செவ்வாய்க்கிழமையின் முதல் நிமிடம். நடுவில் தையல் கூடத் தெரியாது. ஜனவரியில் நீதிபதி எழுந்து போனதும் சிங்காரவேலுவின் திரை இருண்டது. அதற்குப் பிறகு ஆறு மாதத்துச் செவ்வாய்க்கிழமைகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கதவில்லாத அறையில், இருண்ட திரைக்கு முன்னால், விடாமல் இரண்டு மணி நேரம் அவர் உட்கார்ந்திருக்கிறார். மற்ற சாட்சிகளும் அப்படித்தான். சிலர் இங்கே வந்து நான்கு வருடம் ஆகிறது.

அற்புதசாமி எழுந்து போய் எல்லாவற்றையும் நிறுத்தினார். ஐந்து நிமிடம் ஆகியிருக்கவில்லை. திரும்பி வந்து உட்காரவில்லை.

"நான் ஜெனரேட்டருன்னு நெனச்சேன் மேடம்," என்றார்.

அன்று மாலையே ஹபீபா கலியமூர்த்தியிடம் சொல்லிவிட்டார். கலியமூர்த்தி இதை எழுதத்தான் வேண்டுமா என்று கேட்டார். அற்புதசாமியிடம் இனிமேல் ஓட்டாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாருக்கும் கஷ்டமில்லை. கடிகாரம் தானாகவே முந்தியது, இப்படி நடப்பதுண்டு என்று நாலு வரி எழுதினால் ரங்கபாஷ்யத்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஒன்பது பேருக்காக இதைச் செய்யக் கூடாதா?

ஹபீபா ஒரு நாள் முழுக்க அதை யோசித்தார். கலியமூர்த்தியின் மேல் இருந்த சந்தேகம் போய்விட்டிருந்தது. அவர் கேட்டது நியாயமாகவும் பட்டது. ஆனால் காரணத்தை எழுதாமல் ஒரு பழக்கத்தை நிறுத்தச் சொன்னால், அடுத்து வருகிற பொறுப்பாளர் வேறொரு கிழமையில் அதையே செய்வார். மேலும், உண்மை இந்த வழக்குக்கு ஆபத்தாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. பாடம் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதுதானே குற்றச்சாட்டு. மைக்கையும் கேமராவையும் திறந்தால்தான் சர்வர் குறித்துவைக்கும், விசாரணை நாட்களைத் தவிர அப்படி ஒரு குறிப்பும் அதில் இல்லை. யாரும் பேசவில்லை என்று காட்டிவிட்டால் வாக்குமூலம் நிற்கும் என்று நம்பினார். நடந்ததை நடந்தபடி எழுதினார்.

செப்டம்பர் இரண்டாம் வாரம் சாட்சியை எழுப்பிக் கேட்டார்கள். திரையில் சிங்காரவேலு வந்தார். இறந்தபோது இருந்த தீக்காயம் போன்ற புண்கள் எதுவும் முகத்தில் இல்லை. புண்களைக் காட்டச் சட்டம் அனுமதிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை வாசித்தார். ஜனவரிக்குப் பிறகு என்ன நடந்தது என்று நீதிபதி கேட்டார்.

"ஜனவரியா, என்னான்னு எனக்குத் தெரியாதுங்கய்யா. நீங்க எந்திரிச்சுப் போனீங்க. திரை அணைஞ்சுபோச்சு. சாப்பாட்டுக்குப் போயிருக்கீங்கன்னு நெனச்சேன். வரவே இல்ல. கடியாரம் மட்டும் ஓடிக்கிட்டிருந்துச்சு. வேணும்னுதான் ஒக்கார வச்சிருக்கீங்கன்னு அப்புறமா புரிஞ்சுச்சு."

"யாராவது வந்து பேசினார்களா?"

"யாரும் பேசலைங்கய்யா. யாராச்சும் வந்து பேசியிருந்தாங்கன்னா நான் பழையபடியேதான் சொல்லியிருப்பேன்."

நீதிபதி மேலே சொல்லச் சொன்னார்.

"சும்மா ஒக்காந்திருக்க முடியல. செத்துப்போன பொம்பளைங்க பேர ஒவ்வொண்ணா சொல்லிப் பாத்தேன். எட்டுப் பேருதான் வந்துச்சு. ஒண்ணு வரல. சேந்து ஒரு வாரம்தான் ஆயிருந்துச்சு அந்தப் பொண்ணு. மணியில ஏன் அண்ணே துணிய சுத்தி வச்சிருக்குன்னு எங்கிட்ட கேட்டுச்சு. சத்தம் ஆகாதுல்ல, அதான்னு சொன்னேன். மொகம் வருது, பேரு வரல. ரொம்ப நேரம் கழிச்சு வந்துச்சு. அதுக்கப்புறம் மறைக்க முடியல."

பின்வரிசையில் தையல்நாயகி எழுந்து நின்றுகொண்டிருந்தார். காவலர் உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார். ஹபீபா கலியமூர்த்தியைப் பார்த்தார். கலியமூர்த்தி ரங்கபாஷ்யத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரங்கபாஷ்யம் மெதுவாக எழுந்தார். தடயவியல் நிபுணரின் அறிக்கையை முழுவதும் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். யாரும் பாடம் சொல்லிக் கொடுக்கவில்லை. தன் பழைய குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுவதாகவும் அதற்காக வருந்துவதாகவும் சொன்னார்.

"மரண வாக்குமூலம் என்பது சாகிற மனிதன் சொன்னது, யுவர் ஆனர். செத்த பிறகு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து யோசித்துச் சொன்னதற்குச் சட்டத்தில் என்ன பெயர் என்று அரசுத் தரப்பு சொல்லட்டும்."

கலியமூர்த்தி ஒரு மணி நேரம் வாதாடினார். நன்றாகவே வாதாடினார் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

தீர்ப்பு நவம்பரில் வந்தது. ஹபீபாவின் அறிக்கையை நீதிமன்றம் முழுமையாக ஏற்றுக்கொண்டு, அதன் நேர்மையை இரண்டு இடங்களில் பாராட்டியிருந்தது. மூன்றாம் வாக்குமூலம் இறந்தவருடைய மரணத் தறுவாயின் மனத்திலிருந்து வந்ததல்ல என்பதால் பதிவிலிருந்து நீக்கப்பட்டது. செப்டம்பரில் அவர் சொன்னதும் அதே காரணத்தால் நீக்கப்பட்டது. முதல் இரண்டு வாக்குமூலங்களும் செல்லும் என்று தீர்மானிக்கப்பட்டது. போதிய சாட்சியம் இல்லாததால் மேலாளர் விடுவிக்கப்பட்டார். காப்பகத்தில் இருக்கும் மற்ற சாட்சிகளின் கடிகாரங்களைப் பார்க்கக் கோரி வேறு பதினொரு வழக்குகளில் மனுக்கள் வந்திருக்கின்றன. அற்புதசாமியை நில அளவைத் துறைக்கு மாற்றினார்கள்.

தையல்நாயகி பேக்கிங் வேலையை விட்டுவிட்டார். மேல்முறையீட்டு மனுவில் ஒன்பது குடும்பங்களோடு அவரும் கையெழுத்திட்டிருக்கிறார். மனு இன்னும் விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை.